மேசைமேல் டீ, மேசைக்கடியில் டெரியர்

கேள்வி: ஸ்காட்லாந்து என்றதும் விஸ்கி, பைப் வாத்தியம், கட்டம்போட்ட கில்ட் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அங்கே சாதாரண வீட்டில் தினமும் புழங்குவது என்ன? டீயும் குட்டைக்கால் டெரியர் நாயும்தான் என்று கேள்விப்பட்டேன். உண்மையா? அதில் அப்படி என்ன விசேஷம்?

பதில்:

உண்மைதான். கில்ட் கல்யாணத்துக்குக் கட்டுவது. பைப் ஊர்வலத்துக்கு ஊதுவது. எழுந்ததும் கெட்டில் சுவிட்சைத் தட்டுவதும், தூறலோ மழையோ நாயை வெளியே கூட்டிப்போவதும்தான் அன்றாடம். இது பிரிட்டன் முழுக்க உள்ள பழக்கம்தானே என்று கேட்கலாம். ஆனால் ஸ்காட்லாந்து டீயின் ருசி வேறு, ஸ்காட்லாந்து டெரியரின் உடம்பு வேறு. இரண்டுக்கும் காரணம் காலடியில் கிடக்கும் பாறை.

முதலில் தண்ணீரைப் பார்ப்போம். ஸ்காட்லாந்தின் வடக்கு மலைப்பகுதியான ஹைலேண்ட்ஸில் பெரும்பாலும் கிரானைட், ஷிஸ்ட் மாதிரியான மிகப் பழைய, இறுகிய பாறைகள். மழைத்தண்ணீர் அவற்றின்மேல் எவ்வளவு ஓடினாலும் கரைத்துக்கொண்டு வர அதிகம் ஒன்றும் இருக்காது. லண்டன் பக்கம் அடியில் இருப்பது சுண்ணப்பாறை. தண்ணீர் அதற்குள் ஊறி வருவதால் கால்சியம் ஏறிவிடும். ஒரு லிட்டரில் கால்சியம் கார்பனேட் கணக்கில் 60 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் மென்னீர் என்பார்கள். லண்டன் குழாய்த் தண்ணீர் 250-ஐத் தொடும், பல இடங்களில் தாண்டும். கிளாஸ்கோ குடிக்கும் லாக் காட்ரின் ஏரித் தண்ணீர் அந்த 60-க்கும் வெகு கீழே.

இந்த ஏரித் தண்ணீர் ஊருக்கு வந்ததே காலராவால்தான். 1832-லும், 1848-49-லும், 1853-54-லும் கிளாஸ்கோவில் காலரா கொத்துக்கொத்தாக ஆட்களைக் கொண்டுபோனது. அதன் பிறகு 26 மைல் தூரத்துக்குக் கால்வாயும் சுரங்கமும் வெட்டி ஏரித் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். 1859 அக்டோபரில் விக்டோரியா ராணி திறந்துவைத்தார். பம்பு கிடையாது. மைலுக்குப் பத்து அங்குலச் சரிவு, அவ்வளவுதான்; தண்ணீர் தானாக இறங்கி வருகிறது.

டீக்கு இதனால் என்ன? கால்சியம் உள்ள தண்ணீரில் டீயின் பாலிஃபீனால்கள் காற்றுடன் சேர்ந்து ஆக்சிஜனேற்றம் அடைந்து, மேலே எண்ணெய் மினுக்குபோல ஒரு ஏட்டைக் கட்டும். கோப்பை ஓரத்தில் பழுப்பு வளையம் ஒட்டும். நிறம் மங்கும், ருசி மொட்டையாகும். மென்னீரில் ஏடு கட்டாது. சாறு சீக்கிரம் இறங்கும். நிறம் செம்பழுப்பாகப் பளிச்சென்று இருக்கும். வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், கடினநீரில் போட்ட கடுந்தேநீரில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். ஏடு கரைந்துபோவது தெரியும்.

அதனால் போடும் முறையும் மாறுகிறது. பிரிட்டன் கடையில் 80 பை உள்ள பாக்கெட் 250 கிராம். ஒரு பையில் 3 கிராம் சொச்சம். 250 மில்லி மக்குக்கு ஒரு பை. தண்ணீர் தளதளவென்று கொதித்த நொடியில் ஊற்ற வேண்டும். தென் இங்கிலாந்தில் 4 நிமிடம் ஊறவைக்கிற அதே பைக்கு இங்கே இரண்டரை, மூன்று நிமிடமே போதும். அதற்கு மேல் விட்டால் நாக்கை இழுக்கும் துவர்ப்பு வரும். ஸ்காட்டிஷ் பிளெண்ட் என்ற பெயரில் விற்கும் தூள் இந்த மென்னீரை மனதில் வைத்தே கலக்கப்பட்டது. டீபாட்டில் போடுவதானால் முதலில் வெந்நீர் விட்டு ஒரு சுற்றுச் சுற்றிக் கொட்டுங்கள். குளிர்ந்த பீங்கான் தண்ணீரின் சூட்டைக் கணிசமாக இறக்கிவிடும். ‘ஆளுக்கு ஒரு ஸ்பூன், டீபாட்டுக்கு ஒரு ஸ்பூன்’ என்று பழைய கணக்கு ஒன்று உண்டு. கடினநீருக்கு அது சரி. மென்னீரில் அந்தக் கடைசி ஸ்பூன் வீண்தான், கசப்பைத் தவிர ஒன்றும் தராது.

கெடுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். பை மக்கில் கிடக்கும்போதே பாலை ஊற்றுவது: சூடு இறங்கி, மிச்சச் சாறு இறங்காமல் நின்றுவிடும், பால் கலந்த வெதுவெதுப்பான தண்ணீர்தான் கிடைக்கும். பையை ஸ்பூனால் பிழிவது: அடியில் தங்கியிருக்கும் துவர்ப்பு மொத்தமும் மக்குக்கு வந்துவிடும். மூன்றாவது, டீபாட்டுக்குக் கம்பளி உறை போட்டு, இலையை எடுக்காமல் அரைமணி நேரம் வைத்திருப்பது. இதை ‘ஸ்டியூட்’ என்று முகம் சுளிப்பார்கள். உறை போடலாம், இலையை எடுத்துவிட்டுப் போடுங்கள். ஒருமுறை கொதித்த தண்ணீரை மறுபடி கொதிக்கவைத்தால் டீ செத்துவிடும் என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; மென்னீரில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். டீ ஊறவைப்பதற்கு ஸ்காட்ஸ் மொழியில் ‘மாஸ்க்’ என்று பழைய சொல் ஒன்று இருக்கிறது. வயதானவர்கள் வாயில் இன்னும் கேட்கலாம்.

மென்னீருக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. பழைய ஈயக்குழாயை அது அரிக்கும். பழங்கால அடுக்குமாடிக் கட்டடங்களில் ஈயக்குழாய் இன்னும் மிச்சமிருக்கிறது. அதனால்தான் குடிநீரில் பாஸ்பேட் சேர்த்து, குழாயின் உட்புறத்தில் ஒரு பூச்சுப் படியவைக்கிறார்கள். அப்படிப்பட்ட வீட்டில் ராத்திரி முழுக்கக் குழாயில் தேங்கிய தண்ணீரை அப்படியே கெட்டிலில் பிடிக்கக் கூடாது; காலையில் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும். சீக்கிரம் கொதிக்கட்டும் என்று சுடுதண்ணீர்க் குழாயில் பிடிப்பது அதைவிடத் தப்பு. கொதிக்கவைத்தால் ஈயம் போகாது.

இந்த டீயில் தமிழர் உழைப்பும் கலந்திருக்கிறது. கின்கார்டின்ஷயரில் 1835-ல் பிறந்த ஜேம்ஸ் டெய்லர், பதினேழு வயதுக்குள் இலங்கைக்கு வந்தவர். 1867-ல் கண்டிக்குத் தெற்கே லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். தொழிற்சாலை ஒன்றும் இல்லை. பங்களா வராந்தாவில் மேசை போட்டு, இலையைக் கையால் உருட்டி, களிமண் அடுப்பில் கரிநெருப்பின்மேல் கம்பித்தட்டு வைத்து வாட்டினார்கள். 1869-ல் காப்பியில் துருநோய் விழுந்து தோட்டம் தோட்டமாகப் பட்டுப்போகத் தொடங்கியது. மலை முழுக்கத் தேயிலைக்கு மாறியது. காப்பிக்காகத் தமிழ் மாவட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களும் பின்னால் வந்தவர்களும்தான் அந்த மலைகளில் கொழுந்து பறித்தார்கள். இன்றைய மலையகத் தமிழர் அவர்கள் வழி வந்தவர்கள்.

பறித்ததை வீடுவீடாகக் கொண்டுசேர்த்தவர் கிளாஸ்கோக்காரர் தாமஸ் லிப்டன். 1871-ல் அங்கே மளிகைக்கடை திறந்தவர், 1890-ல் இலங்கையில் தோட்டங்களையே வாங்கிவிட்டார். அப்புத்தளைப் பக்கத்து தம்பதென்ன அவற்றில் ஒன்று. இடைத்தரகர் இல்லாததால் ராத்தல் 1 ஷில்லிங் 7 பென்ஸுக்கு விற்க முடிந்தது. நிறுத்துக் கட்டிய பாக்கெட்டில் விற்றார். இதைவிடக் கெட்டிக்காரத்தனம் ஒன்று உண்டு: உங்கள் ஊர்த் தண்ணீருக்கு ஏற்ற கலவை என்று விளம்பரம் செய்து ஊருக்கொரு கலவை போட்டார். தண்ணீரைப் பற்றி மேலே இவ்வளவு சொன்னதை அவர் நூறு வருடத்துக்கு முன்பே காசாக்கிவிட்டார்.

கிளாஸ்கோவின் டீக்கடைகளும் பெயர்பெற்றவை. மதுவிலக்கு இயக்கம் பலமாக இருந்த காலத்தில், 1878-ல் கேட் கிரான்ஸ்டன் முதல் டீரூமைத் திறந்தார். 1903-ல் அவர் சாக்கிஹால் தெருவில் திறந்த வில்லோ டீரூமை நாற்காலி முதல் கரண்டிவரை வடிவமைத்தவர் சார்ல்ஸ் ரென்னி மேக்கின்டாஷ். புதுப்பிக்கப்பட்டு இப்போதும் நடக்கிறது.

ஒரு எச்சரிக்கை. ‘டீக்கு வாங்க’ என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர் கூப்பிட்டால் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். சாயங்காலம் 5, 6 மணிச் சாப்பாட்டுக்கே அங்கே பல வீடுகளில் ‘டீ’ என்றுதான் பெயர். ‘ஹை டீ’ என்றால் சூடாக ஒரு பதார்த்தம் (பொதுவாகப் பொரித்த மீனும் சிப்ஸும், இங்கிலாந்தில் காட், இங்கே ஹேடக்), கூடவே ரொட்டி, பிறகு ஸ்கோனும் கேக்கும் அடுக்கிய தட்டு, ஒரு டீபாட். அடுக்குத்தட்டில் சின்னச் சின்ன சாண்ட்விச் வைத்துத் தருவது ‘ஆஃப்டர்நூன் டீ’; அது வேறு. ஹை டீ என்ற சொல்லைக் கேட்டு, ஏதோ உயர்தரம் என்று நினைத்து நட்சத்திர ஓட்டல்கள்கூடக் குழப்பிக்கொள்கின்றன.

டீக்குத் துணை ஷார்ட்பிரெட். கணக்கு ஒன்று, இரண்டு, மூன்று: சர்க்கரை 100 கிராம், வெண்ணெய் 200, மாவு 300. அந்த 300-ல் 50 கிராம் அரிசிமாவாக இருந்தால் கடிக்கும்போது நறுநறுப்பு வரும். வெண்ணெய் விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், உருகி மினுங்கக் கூடாது. வெண்ணெயையும் நைசான சர்க்கரையையும் முதலில் குழைத்து, மாவைச் சேர்த்து, ஒன்றாகத் திரண்டதும் கையை எடுத்துவிடுங்கள். சப்பாத்திக்குப் பிசைவதுபோல் பிசைந்தால் மாவிலுள்ள பசையம் (குளூட்டன்) இழுபட்டுப் பல்லுக்கு வேலை வைக்கும். பெயரில் உள்ள ‘ஷார்ட்’ இதுதான்: கொழுப்பு மாவைச் சூழ்ந்துகொண்டு பசைய இழைகளை நீளவிடாமல் செய்வதால் பொலபொலவென்று உதிர்கிறது. 20 செ.மீ. வட்டத் தட்டில் அழுத்திப் பரப்பி, முள்கரண்டியால் அடிவரை குத்தி, எட்டுத் துண்டாகக் கோடு போட்டு, அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். இந்த அரைமணியைத் தவிர்த்தால் வெண்ணெய் இளகி ஓரம் வழியும். 150 டிகிரி செல்சியஸில் 40 முதல் 45 நிமிடம். வெளியே எடுக்கும்போது வைக்கோல் நிறம். பழுப்பாகிவிட்டால் வெண்ணெய் வாசனை போய் கருகல் வாசனைதான் நிற்கும். சூட்டோடு மறுபடி அதே கோட்டில் கத்தி ஓட்டுங்கள். ஆறியபின் வெட்டினால் நொறுங்கும். மார்ஜரினில் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். இதில் இருப்பதே மூன்று பொருள். ஒன்றை மாற்றினால் பண்டமே வேறு.

கடைச் சரக்கென்றால் டன்னாக்ஸ். கிளாஸ்கோவுக்குத் தென்கிழக்கே அடிங்ஸ்டனில் 1890 முதல் இருக்கும் குடும்பக் கம்பெனி. சிவப்புத் தங்கக் கோடுபோட்ட காரமல் வேஃபர் 1952-ல் வந்தது: ஐந்து அடுக்கு வேஃபர், நடுவில் நாலு அடுக்கு காரமல், மேலே சாக்லேட். 1956-ல் டீகேக் வந்தது. பெயரைப் பார்த்து கேக் என்று நினைக்க வேண்டாம். வட்ட பிஸ்கட்டின்மேல் முட்டைவெள்ளை நுரை மிட்டாயை ஊதி, சாக்லேட் ஓடு போர்த்தியது. நுரைக்குள் காற்று இருக்கிறது. அதனால்தான் 1965-ல் பிரிட்டன் விமானப்படைக் குண்டுவீச்சு விமானம் ஒன்றில் அழுத்தம் குறைந்தபோது விமானிகளுக்கு முன்னால் இவை வெடித்துச் சிதறின. சிரிப்பு வந்தாலும் நடந்ததுதான்.

இனி மேசைக்கடியில் இருப்பவர்.

டெரியர் என்ற சொல்லே மண்ணைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. வளைக்குள் புகுந்து வேட்டையாடும் நாய். ஆனால் ஹைலேண்ட்ஸில் மண்வளையைவிடப் பாறை இடுக்குகள் அதிகம். நரியும் நீர்நாயும் கற்குவியலுக்குள் பதுங்கும். அதற்கு நெஞ்சு ஒடுங்கிய, கால் குட்டையான, தோளளவு 25 முதல் 30 செ.மீ.க்குள் அடங்குகிற, கல் உரசினாலும் தோல் கிழியாத முரட்டு ரோமம் கொண்ட நாய்தான் சரிப்படும். கற்குவியலுக்கு அங்கே பெயர் ‘கெர்ன்’. அதுவே ஓர் இனத்தின் பெயராகிவிட்டது. முதலில் அதைக் குட்டைமயிர் ஸ்கை டெரியர் என்று நாய்க் கண்காட்சிக்குக் கொண்டுவந்தார்கள். ஸ்கை வளர்ப்பவர்கள் சண்டைக்கு வந்ததால் கெர்ன் என்று மாறி, 1912-ல் நாய் இனங்களைப் பதிவுசெய்யும் பிரிட்டன் கென்னல் கிளப் தனி இனமாக ஏற்றது.

ஸ்காட்லாந்தில் பிறந்த முக்கியமான இனங்கள் ஐந்து: கெர்ன், வெஸ்ட் ஹைலேண்ட் வொயிட் (செல்லமாக வெஸ்டி), ஸ்காட்டிஷ் (ஸ்காட்டி), ஸ்கை, டாண்டி டின்மாண்ட். கெர்னும் வெஸ்டியும் நெருங்கிய சொந்தம். ஒருகாலத்தில் ஒரே ஈற்றில் இரண்டு வகைக் குட்டியும் பிறக்கும். ஆர்கைல் பகுதி போல்டலாக் சீமான் எட்வர்ட் மால்கம், செம்பழுப்பு நாய் ஒன்று நரியென்று தவறாகச் சுடப்பட்டதால் வெள்ளைக் குட்டிகளை மட்டும் வளர்த்தார் என்பது வழிவழியாக வரும் கதை. வெஸ்டியின் வாலைக் கவனியுங்கள். 13 முதல் 15 செ.மீ., அடியில் தடித்து நுனியில் கூராக, காரட் மாதிரி. இடுக்கில் சிக்கிய நாயைப் பிடித்து இழுக்க அதுதான் கைப்பிடி என்பார்கள். டாண்டி டின்மாண்ட், வால்டர் ஸ்காட் 1815-ல் எழுதிய நாவலில் வரும் விவசாயி ஒருவரின் பெயர். டாண்டியும் ஸ்கையும் இன்று அருகிவரும் இனங்கள். வருடத்துக்கு 300 குட்டிகூடப் பதிவாவதில்லை. எடின்பரோவில் எஜமானர் கல்லறையைப் பதினாலு வருடம் காத்ததாகச் சொல்லப்படும் கிரேஃபிரையர்ஸ் பாபியை ஸ்கை டெரியர் என்றே பெரும்பாலானோர் சொல்வார்கள். 1872-ல் செத்தது, அடுத்த வருடம் சிலை. கதை அப்படியே உண்மையா என்று ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் உண்டு. சிலையின் மூக்கைத் தடவினால் அதிர்ஷ்டம் என்பது மட்டும் சமீபத்தில் சுற்றுலாக்காரர்கள் கிளப்பிவிட்டது. மூக்கு தேய்ந்து பளபளக்கிறது. உள்ளூர்க்காரர்களுக்கு இதில் கோபம்.

வளர்க்க நினைப்பவருக்குத் தெரிய வேண்டியது ரோமம். இரண்டு அடுக்கு: உள்ளே பஞ்சுபோல் மெத்தென்று ஒன்று, வெளியே 5 செ.மீ. அளவுக்கு விறைப்பாக ஒன்று. வெளிரோமம் முற்றினால் வேரில் பிடி தளரும். தானாகக் கொட்டாது, கையால் எடுக்க வேண்டும். ‘ஸ்டிரிப்பிங்’ என்பது இதுதான். தோள்பட்டைக்கு மேல் நாலைந்து மயிரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்து, வளரும் திசையிலேயே சட்டென்று இழுத்துப் பாருங்கள். எதிர்ப்பில்லாமல் வந்தால் பருவம் ஆகிவிட்டது, நாய்க்கு வலிக்காது. தோல் கூடவே எழும்பினாலோ நாய் திரும்பிப் பார்த்தாலோ இன்னும் இரண்டு, மூன்று வாரம் பொறுக்க வேண்டும். விரல் வழுக்கினால் சாக்பொடி தொட்டுக்கொள்ளலாம். அதற்கு முன் குளிப்பாட்டக் கூடாது, ஷாம்பூ போட்ட ரோமம் பிடியில் நிற்காது. ஒரே நாளில் முடிக்கவும் வேண்டாம், ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் போதும்.

மெஷினால் வெட்டினால் வேலை சுலபம். பெரும்பாலான வீட்டு வெஸ்டிகளுக்கு ஆறு, எட்டு வாரத்துக்கு ஒருமுறை அதுதான் நடக்கிறது. ஆனால் முற்றிய மயிரின் வேர் உள்ளேயே நின்றுவிடும். விறைப்பு போய் உள்ரோமம் மேலோங்கும். கெர்னுக்கும் ஸ்காட்டிக்கும் நிறம் வெளுக்கும். முன்பு உதறினால் உதிர்ந்துபோன சேறு இப்போது பஞ்சில் ஊறியதுபோல் ஒட்டிக்கொள்ளும். ஸ்காட்லாந்து மழையில் இது சின்ன விஷயமில்லை. தோல்நோய் உள்ள நாய்க்கும், பிடுங்குவதைத் தாங்காத வயதான நாய்க்கும் மெஷின்தான் நல்லது.

வெஸ்டியின் பலவீனம் தோல். ஒவ்வாமைத் தோல்நோய் ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில் தலைகாட்டும்: பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கும், காதில் திரும்பத் திரும்பச் சீழ் வரும். குட்டி வாங்கப் போகும்போது தாயின் பாதத்தைப் பாருங்கள். வெள்ளை ரோமம் துருநிறத்தில் கறைபட்டிருந்தால், அது எச்சில் கறை, நக்குகிற நாய். எவ்வளவு அழகான குட்டியாக இருந்தாலும் யோசியுங்கள். தாயைக் காட்ட மறுத்தால் வாங்கவே வேண்டாம். ஸ்காட்டிக்குச் சிறுநீர்ப்பைப் புற்று மற்ற நாய்களைவிடப் பல மடங்கு அதிகம்; நடுவயதுக்கு மேல் சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் சாதாரணக் கிருமித்தொற்று என்று மாதக்கணக்கில் மருந்து கொடுத்துக் காலம் கடத்தக் கூடாது.

குணத்தில் இவை மடிநாய் அல்ல. தோண்டும், குரைக்கும், முயலைக் கண்டால் காது கேட்காது. வேலிக்கடியில் கம்பிவலையை ஒரு அடி ஆழம் புதைக்காவிட்டால் தோட்டம் தாண்டிவிடும். திறந்த வெளியில் பத்து மீட்டர் நீளக் கயிறு நல்லது. ஆடு மேயும் இடத்தில் குட்டைக் கயிறுதான். ஸ்காட்லாந்தின் 2021 சட்டப்படி உங்கள் நாய் ஆட்டைத் துரத்தினால் 40,000 பவுண்டுவரை அபராதமோ ஒரு வருடம்வரை சிறையோ விதிக்கலாம். எட்டு வாரத்துக்கு மேற்பட்ட நாய்க்கு மைக்ரோசிப் 2016 முதல் கட்டாயம்.

கடைசியாக, டீ மேசையிலிருந்து கீழே விழுவது. டீகேக் ஒன்றைத் திருடித் தின்றுவிட்டால் பதற வேண்டாம். சாக்லேட்டில் நாய்க்கு விஷமாவது தியோபுரோமின்; பால் சாக்லேட்டில் அது கிராமுக்கு 2 மில்லிகிராம் அளவில்தான்; 8 கிலோ வெஸ்டிக்கு வாந்தி, படபடப்பு தொடங்கவே சுமார் 80 கிராம் சாக்லேட் வேண்டும். டீகேக் முழுசாகவே 24 கிராம். வெள்ளித்தாளையும் சேர்த்து விழுங்கியதா என்று மட்டும் பாருங்கள். பயப்பட வேண்டியது உலர்திராட்சைக்கு. பழ ஸ்கோன், டண்டீ கேக், துணியில் கட்டி வேகவைக்கும் கிளூட்டி டம்ப்ளிங் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. எவ்வளவு தின்றால் ஆபத்து என்று கணக்குக் கிடையாது. ஒரு நாய் கைப்பிடி தின்று பிழைக்கும், இன்னொன்றுக்குச் சிலவற்றிலேயே இரண்டு, மூன்று நாளில் சிறுநீரகம் நின்றுவிடும். வாந்தி வருகிறதா என்று காத்திருக்காமல் உடனே மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். தின்ற இரண்டு மணி நேரத்துக்குள் போனால் ஊசி போட்டு வாந்தி எடுக்கவைப்பார். வீட்டில் உப்புத்தண்ணீர் புகட்டாதீர்கள், அந்த உப்பே நாயைக் கொல்லும். எத்தனை மணிக்குத் தின்றது, தோராயமாக எத்தனை திராட்சை, நாயின் எடை என்ன: போனில் இந்த மூன்றையும்தான் முதலில் கேட்பார்கள்.